கம்பளத்தை மட்டும் காப்பாற்றினேன்

வீட்டில் கொத்து வேலை நடக்கும்போது கம்பளத்தை எப்படிப் பாதுகாப்பது என்று யாராவது என்னைக் கேட்டால் போதும், நிறுத்தாமல் பேசுவேன். அடையாறில் எங்கள் அடுக்குமாடியில் யார் டைல்ஸ் மாற்றினாலும் ஆலோசனைக்கு என்னிடம்தான் வருகிறார்கள். மடிக்கக் கூடாது, சுருட்ட வேண்டும் என்பேன். மடித்தால் மடித்த இடத்தில் நூல் விட்டுப்போகும். மேலே தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வேலை செய்யலாம் என்று மேஸ்திரி சொன்னால் நம்பவே நம்பாதீர்கள் என்பேன். டைல் வெட்டும் தூசி முகத்துக்குப் போடும் பவுடரை விட நைசானது, எதற்குள்ளும் புகுந்துவிடும். இத்தனையும் எனக்குத் தெரியும். கம்பளத்தை எடுத்துக்கொண்டு போ என்று ஒருவர் எதற்காகச் சொல்கிறார் என்பது மட்டும் தெரியாமல் போயிற்று.

கம்பளம் இருந்தது சாந்தோமில், அம்மா வீட்டு ஹாலில். வீட்டில் எல்லாரும் கார்ப்பெட் என்றுதான் சொல்வோம், எழுத உட்கார்ந்தால் கம்பளம் என்று வருகிறது. அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. வேலை முடிந்து ஊரை விட்டுக் கிளம்பிய ஒரு கப்பல் அதிகாரி வீட்டுச் சாமான்களை விற்றபோது மற்றவர்கள் ஃபேனும் கட்டிலும் வாங்க, அப்பா இதை வாங்கிக்கொண்டு வந்தார். மெட்ராஸ் வெயிலுக்குக் கம்பளமா என்று தெருவே சிரித்ததாம். கருஞ்சிவப்பில் நீலக் கொடிகள். விரித்தால் ஹாலின் நாலு சுவரையும் ஏறக்குறையத் தொடும். அளவெடுத்து வாங்கியதுபோல் இருக்கிறது என்று அம்மா சொல்வாள். அப்பா எதையும் அளவெடுத்து வாங்கியவர் இல்லை.

சிரித்த தெரு வருஷத்துக்கு ஒருநாள் அதன்மேல் வந்து முழந்தாளிடும். அக்டோபர் எங்களுக்கு ஜெபமாலை மாதம். கோயிலிலிருந்து மாதாவின் சிலை, சுரூபம் என்போம், புறப்பட்டு, ஒரு நாளைக்கு ஒரு வீடாகத் தெருவைச் சுற்றி வரும். வரும் வீட்டில் சாயங்காலம் அக்கம்பக்கத்தார் கூடி ஜெபமாலை சொல்வார்கள். பிறகு சுண்டல், காபி. மறுநாள் சுரூபம் அடுத்த வீட்டுக்குப் போகும். மற்ற வீடுகளில் பாயும் பிளாஸ்டிக் நாற்காலியும். எங்கள் வீட்டில் கார்ப்பெட். முட்டிவலிக்காரர்கள் எங்கள் முறை எப்போது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வார்கள். ஜெபமாலையை நடத்துவது அப்பா இருந்தவரை அப்பா, அவருக்குப் பிறகு நான். கல்யாணமாகி வெளியே போன பிறகும் அந்த ஒரு நாள் தவறியதில்லை.

வீடு அம்மா பேரில் இருக்கிறது. அம்மாவோடு தம்பியும் அவன் மனைவியும் இருக்கிறார்கள். தம்பி வைத்திருந்த கடையைக் கொஞ்ச நாள் முன்னால் மூடிவிட்டான். என் கணவர் காலமாகிவிட்டார், மகன் வெளிநாட்டில். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். ரிடையர் ஆனதும் சாந்தோமுக்கே வந்துவிடுவது என்று பேச்சு. பேச்சு என்ன பேச்சு, முடிவே அதுதான். ஹாலை ஒட்டித் தெருவைப் பார்த்த முன்னறை எனக்கு. தம்பியே சொன்னான், "வந்துருக்கா. அம்மாவுக்கும் துணையா இருக்கும். நீ ஏன் அங்க தனியா கெடந்து கஷ்டப்படறே?" அதைக் கேட்டு அன்று ஆட்டோவில் வரும்போது அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அதற்காகத்தான் வீட்டு வேலை என்று ஆரம்பித்தான். தரை அங்கங்கே உள்வாங்கியிருந்தது, பாத்ரூம் பழசு. முன்னறைக்கென்று தனியாக ஒரு பாத்ரூம் கட்டலாம் என்றான். டைல் தேர்ந்தெடுக்க என்னைக் கடை கடையாகக் கூட்டிக்கொண்டு போனான். நான் வெளிர்பச்சையைக் காட்டினேன். "உனக்குப் பிடிச்சா சரிக்கா" என்றான். எனக்குப் பிடித்ததை என் தம்பி இவ்வளவு பொறுமையாகக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

கார்ப்பெட்டை எடுத்துக்கொண்டு போ என்று சொன்னது அம்மா. தம்பி பின்கட்டில் போட்டுவைக்கலாம் என்றான். அங்கே ஓதம், கடற்காற்று வேறு, ஒரு மாதத்தில் பூஞ்சை பிடித்துவிடும் என்று நான் சண்டைக்குப் போனேன். அம்மா நாற்காலியில் இருந்தபடி, "அவகிட்டயே குடுத்துடுடா. அவதான் பத்திரமா வெச்சுப்பா" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பிள்ளையை விட்டு என்னை நம்பினாளே என்று.

சுருட்டிய அன்று காலையிலேயே போய்விட்டேன். முதலில் மொட்டை மாடியில் வெயில் காட்டினோம். தம்பி ஒரு மழைநீர்க் குழாயை வாங்கி வைத்திருந்தான். அதை நடுவில் கொடுத்து, பூவேலை உள்பக்கம் போகும்படி, சுருக்கம் விழாமல் சுருட்டினோம். பிளாஸ்டிக் உறை போட்டால் உள்ளே வேர்த்துவிடும், அதனால் பழைய பருத்திப் போர்வைகளாகத் தேடி எடுத்துச் சுற்றினேன். சுருட்டச் சுருட்ட அம்மா காய்ந்த வேப்பிலையைக் கைப்பிடி கைப்பிடியாக உள்ளே தூவினாள். அந்துருண்டையைத் துணியில் முடிந்து கொடுத்தாள். கடைசியில் தீர்த்தப் புட்டியைக் கொண்டுவரச் சொல்லி, சுருட்டின்மேல் தெளித்துச் சிலுவை போட்டாள். பிறகு அழுதாள்.

நான் கல்யாணமாகிப் போனபோதுகூட அம்மா அழுததில்லை, பந்தியில் சாம்பார் போதுமா என்று விசாரித்துக்கொண்டு இருந்தாள். "என்னம்மா, கார்ப்பெட்டுக்கா இவ்வளவு கண்ணீர்? ரெண்டு மாசத்துல திரும்பி வரப்போறது" என்று கேலி செய்தேன்.

"உன்கிட்ட இருந்தா எனக்கு நிம்மதி" என்றாள்.

தம்பி மனைவி சட்டென்று எழுந்து உள்ளே போனாள். அடுப்பில் பால் இருக்கிறதாக்கும் என்று நினைத்தேன்.

குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு அடையாறு வந்தோம். லிஃப்டில் நுழையவில்லை. வண்டிக்கார ஆட்கள் திட்டிக்கொண்டே படி ஏற்றினார்கள். நிறுத்தி வைத்தால் அடிமுனை நசுங்கும், தரையில் போட்டால் ஈரம். அதனால் படுக்கையறையில் ஸ்டூல்களைப் போட்டு அவற்றின்மேல் நீளவாக்கில் கிடத்தினேன். அதற்கப்புறம் அந்த அறையில் எனக்கு நடக்க இடமில்லை. கட்டிலில் ஏறித்தான் பீரோவுக்குப் போக வேண்டும். பரவாயில்லை, அம்மா நம்பிக் கொடுத்தது. மழை விட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் வாட்ச்மேனைத் துணைக்கு வைத்துக்கொண்டு மாடிக்கு எடுத்துப்போய் விரித்து, பிரஷ் போட்டு, இலையை மாற்றித் திரும்பச் சுருட்டுவேன். வாட்ச்மேன் சிரிப்பார். "இன்னா மேடம், பச்சப்புள்ள கணக்கா பாத்துக்கினு கீறீங்கோ!" என்பார். பிள்ளை மாதிரிதான் பார்த்தேன்.

இதற்கிடையில் சாந்தோம் பக்கம் போக விடவில்லை. "வேணாங்கா, ஒரே தூசி, உனக்கு வீசிங் வந்துடும்" என்பான் தம்பி. அக்கா மேல் எவ்வளவு அக்கறை என்று பள்ளியில் டீச்சர்களிடம் சொல்லிக்கொண்டேன். சொன்னதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

ஒருமுறை சொல்லாமல் போய்விட்டேன். ஹாலில் தரை பெயர்ந்து கிடந்தது. நட்ட நடுவில், சுவரை விட்டு வெகுதூரத்தில், ஒரு தண்ணீர்க் குழாய் தரையிலிருந்து முளைத்து நின்றது. "இது என்ன இங்க?" என்றேன். தம்பி திருதிருவென்று விழித்துவிட்டு, "வாஷ்பேசினுக்குக்கா" என்றான். ஹாலின் நடுவில் எந்த மடையனாவது வாஷ்பேசின் வைப்பானா என்று ஒரு குழந்தைகூடக் கேட்டிருக்கும். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "அது கார்ப்பெட்ல இடிக்குமேடா! மேல எப்படி விரிக்கிறது? ஓரமா தள்ளி வைக்கச் சொல்லு." மேஸ்திரியையும் ஒரு பிடி பிடித்தேன். மேஸ்திரி தம்பியைப் பார்த்தார், தம்பி மேஸ்திரியைப் பார்த்தான். "தள்ளிடலாம் மேடம்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு மண்ணைக் குழைத்தார். அம்மா உள்ளறைக் கட்டிலில் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்றார்கள். காலையில் அம்மா தூங்கி நான் பார்த்ததில்லை.

அக்டோபரில் எங்கள் முறை வந்தது. வேலை முடிந்துவிட்டதா என்று போனில் கேட்டேன். "முடிஞ்ச மாதிரிதான்" என்றான். "அப்போ மாதா வர்ற அன்னிக்கு கார்ப்பெட்டைக் கொண்டு வந்துடறேன்." "இந்தத் தடவை பாயே போட்டுக்கலாமேக்கா" என்றான். பாயா! வேலை நடந்த வீட்டில் என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று பார்க்கிறான், பாவம் என்று நினைத்துக்கொண்டேன். அரைநாள் லீவு போட்டேன். அதே குட்டி யானை, அதே ஆட்கள்.

வாசலில் தம்பி மனைவி நின்றாள். "இந்தப் பக்கமா வாங்க அண்ணி" என்று பக்கவாட்டுக் கதவைக் காட்டினாள். முன்கதவில் பெயிண்ட் காயவில்லையாக்கும் என்று பக்கவாட்டில் போனோம். ஆட்கள் சுருட்டைத் தோளில் தூக்கி முன்னால் போக, போர்வை முனை தரையில் இழுபடாமல் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போனேன். உள்ளே புது வெள்ளை. எதிரே சுவரில் திரு இருதய ஆண்டவர் படம் எப்போதும் போல மாட்டியிருந்தது. படம் தன் இடத்தில் இருந்ததால் சுவரும் தன் இடத்தில்தான் இருக்கும் என்று என் கண் எடுத்துக்கொண்டது. குனிந்து முடிச்சுகளை அவிழ்த்தேன். போர்வையை உருவினேன். இந்தக் கடைசியிலிருந்து நேராக உருட்டிக்கொண்டே போங்கள் என்று சொல்லிவிட்டு, விரியும் பூவேலையில் பூச்சி ஏதாவது அரித்திருக்கிறதா என்று பார்த்தபடி கூடவே தவழ்ந்தேன். ஒரு நூல்கூடப் போகவில்லை. அவ்வளவு பத்திரம்.

உருட்டு நின்றுவிட்டது.

"இன்னும் உருட்டுப்பா" என்றேன் தலை நிமிராமல்.

"எங்க உருட்றது மேடம்? செவுரு கீது."

நிமிர்ந்து பார்த்தேன். பாதி விரிந்த கம்பளம், மீதி சுருட்டாக, சுவரில் முட்டிக்கொண்டு இருந்தது. அங்கே சுவர் இருக்கக் கூடாது. அது ஹாலின் நடு. கையை வைத்துப் பார்த்தேன். பூச்சின் குளிர்ச்சி இன்னும் இருந்தது. ஆணி அடித்து ஆண்டவரை மாட்டியது அந்தச் சுவரில். அந்தப் பக்கம் பாதி ஹால், என் முன்னறை, தெருக் கதவு. இந்தப் பக்கத்திலிருந்து போக வழியே இல்லை.

தம்பி சுண்டல் பாத்திரத்தோடு வந்தான். கார்ப்பெட்டையும் என்னையும் பார்த்தான். பாத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினான்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன்க்கா. முன்பக்கத்தை வாடகைக்கு விட்டாச்சு. ஒரு பல் டாக்டர். அடுத்த மாசம் வர்றாங்க. கடையை மூடினதுலேர்ந்து என் நிலைமை உனக்குத் தெரியும்ல?"

"என் ரூம்?"

பாத்திரத்தை மறுகைக்கு மாற்றிக்கொண்டான்.

"எனக்குன்னு கட்டின பாத்ரூம்?"

"பேஷண்ட்டுங்களுக்கு ஒண்ணு வேணும்னு கேட்டாங்க."

என் வெளிர்பச்சை டைல். ஊரார் வாய் கொப்பளித்துத் துப்புவதற்கு நான் கடை கடையாக ஏறி இறங்கி நிறம் பார்த்திருக்கிறேன். ஹாலில் முளைத்து நின்ற குழாயும் பல் டாக்டரின் நாற்காலிக்குத்தான். எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சுண்டலைத் தட்டிவிட்டிருப்பேன். அதற்குள் உள்ளறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அம்மா வந்து நின்றாள். இவனை இன்று அம்மா விடமாட்டாள் என்று நினைத்தேன். "பாத்தியாம்மா உன் பிள்ளை பண்ணின வேலையை? உனக்குத் தெரியாம கையெழுத்து வாங்கிட்டானா?" என்று கத்தினேன்.

"அம்மாதான்க்கா இந்த யோசனையே சொன்னாங்க" என்றான் தம்பி. அதைச் சொல்லும்போது அவனுக்கே அழுகை வந்துவிட்டது.

அம்மா மறுக்கவில்லை. மெதுவாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "முன்னாடியே சொன்னா நீ வந்து நிறுத்திடுவே. உன் வாய்க்கு யார் பதில் சொல்றது? கடைசி வரைக்கும் நான் இவன்கிட்டதானே இருக்கணும்" என்றாள். பிறகு, என்னைச் சமாதானப்படுத்துகிறாளாம், சொன்னாள்: "உனக்கு ஒண்ணும் தரலேன்னு நெனைக்காதே. கார்ப்பெட் உனக்குன்னுதானே குடுத்தேன்?"

வேப்பிலையும் தீர்த்தமும் கண்ணீரும் எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. அன்று கம்பளத்தை வழியனுப்பவில்லை. என்னைத்தான் வழியனுப்பியிருக்கிறாள். நான் குனிந்து குழாயில் சுருட்டிக்கொண்டிருந்தேன், நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தம்பிக்குத் தெரியும், அவன் மனைவிக்குத் தெரியும், மேஸ்திரிக்குத் தெரியும், பல் டாக்டருக்குத் தெரியும். எனக்கும் கம்பளத்துக்கும்தான் தெரியாது.

இன்னும் ஏதாவது பேசியிருப்பேன். வெளியே பாட்டுச் சத்தம் கேட்டது. மாதா வந்துவிட்டாள்.

ஆட்கள் அவசரமாகக் கம்பளத்தைச் சுருட்டிச் சுவரோரம் தள்ளினார்கள். சுரூபத்தை மேசைமேல் வைத்தார்கள், மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் நெருக்கியடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். பாதிப் பேருக்கு இடமில்லாமல் சந்தில் நின்றார்கள். முட்டிவலிக்கார அம்மாள் ஒருவர் சுற்றிப் பார்த்து, "கார்ப்பெட் போடலியா டீச்சர்?" என்று கேட்டார். "இல்லைங்க" என்றேன். அவர் முனகிக்கொண்டே புது டைலில் முழந்தாளிட்டார்.

ஜெபமாலையை நானே ஆரம்பித்தேன். ஜெபமாலையில் மணிகள் பத்துப் பத்தாகக் கோத்திருக்கும், ஒவ்வொரு பத்துமணி தொடங்கும்போதும் பரலோக மந்திரம் வரும். பிறர் எங்களுக்குச் செய்த தீமையை நாங்கள் மன்னிப்பதாக அதில் ஒரு வரி உண்டு. எத்தனையோ வருஷமாக யோசிக்காமல் சொன்ன வரி. அன்று அந்த இடம் வந்ததும் என் வாய் மூடிக்கொண்டது. கூட்டம் சொல்லி முடித்தது. அடுத்த பத்துமணியிலும் அதே இடம், அதே மூடல். யாரும் கவனிக்கவில்லை. அம்மா கவனித்தாள். அடுத்தடுத்த முறைகளில் அந்த வரியை அவள் மட்டும் குரல் உயர்த்திச் சொன்னாள், என் பங்கையும் சேர்த்து. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. வேண்டுமென்றே பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சுண்டல் சாப்பிடவில்லை. வண்டிக்காரர் தெருமுனையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன். "இன்னா மேடம், திருப்பி எத்துகினு போறீங்கோ?" என்றார். "என்னுதுதான், எடுத்துட்டுப் போறேன்" என்றேன். தம்பி ஒரு முனையைத் தூக்க வந்தான். தொடாதே என்றேன்.

அடையாறு வீட்டில் அதை விரிக்க முடியாது. ஹாலில் சோபாவை வெளியே போட்டாலும் பாதிதான் விரியும், இங்கேயும் சுவர் இடிக்கும். விற்றுவிடலாம் என்று நினைத்தேன். பூச்சி அரிக்கட்டும் என்று நினைத்து ஒரு மழைக்காலம் பூராவும் தொடாமல்கூட இருந்தேன். பிறகு மனசு கேட்காமல் இலையை மாற்றினேன். ரிடையர் ஆகிவிட்டேன். அறையில் அதே ஸ்டூல்கள், அதன்மேல் அதே சுருட்டு. கட்டிலில் ஏறித்தான் பீரோவுக்குப் போகிறேன்.

சாந்தோமுக்குப் போவதில்லை. அம்மா மட்டும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போன் செய்கிறாள். நானும் எடுக்கிறேன். எடுக்காமல் இருக்க முடியவில்லை. முதலில் அவள் கேட்பது ஒன்றுதான்.

"கார்ப்பெட் பத்திரமா இருக்காம்மா?"

"இருக்கு" என்கிறேன்.

அடுத்து நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பாள் என்று ஒவ்வொரு வாரமும் காதில் போனை வைத்துக்கொண்டு நிற்கிறேன். "சரி, வெச்சுடறேன்" என்கிறாள்.